குன்றக் கூறலும் ஒரு கதையா?

பாடநூலுக்கு அப்பால் மாணவரைப் படிக்க வைப்பதற்கு எளிய வழியொன்று உண்டு என்று கூறுவார் உளர். மாணவர் விரும்பிக் காணும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் ஒரு பகுதியைக் கதையாக எழுதிக் கொடுத்தால் அவர்கள் தாமாகவே படிப்பார்கள். படித்தபின் அதனையே முன்மாதிரியாகக் கொண்டு தாமும் எழுதுவார்கள் என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இனிமையான வாதந்தான். ஆயின், அத்தகைய கதைகள் எவ்வாறு எழுதப்படுகின்றன, எழுதி முடித்தபின் அவற்றில் எஞ்சி நிற்பது யாது என்று எண்ணிப் பார்த்தவர் இவ்வாறு கூறத் துணியார். படிக்கத் தூண்டுவது வேறு. எழுதக் கற்பிப்பது வேறு. முன்னதற்கு உதவுவது பின்னதற்கும் உதவும் என்று கொள்வதுதான் இவ்வாதத்தில் உள்ள முதற்கோளாறு.

மட்டமான எழுத்தாளர் எழுதிய மட்டமான கதையைக் காட்டிக் குற்றம் சாட்டுவது எளிது. அதனால் விளையும் பயன் ஒன்றுமில்லை. தேர்ந்த எழுத்தாளர் ஒருவர் எழுதியும் சோர்ந்துபோன கதையே ஆராயத் தக்கது. அத்தகைய கதை ஒன்று, இவ்வகை நூல்களுள் நன்றாக விற்ற ஒரு வரிசையிலேயே கிடைக்கிறது.

அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' என்னும் அறிவியற் புனைவுத் தொடர் 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் ஒளிபரப்பாகத் தொடங்கியது. 1969 வரை 79 பகுதிகள் வெளிவந்தன. கேப்டன் கெர்க், ஸ்போக், மருத்துவர் மக்காய் ஆகியோரும், அவர்கள் ஊர்ந்த 'எண்டர்பிரைஸ்' விண்கலமும் பிற்காலத்தில் அடைந்த புகழைச் சொல்ல வேண்டியதில்லை. முதற்பருவம் முடிவதற்கு முன்பே, 1967-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பாந்தம் பதிப்பகம் தொடரின் ஏழு பகுதிகளை ஏழு சிறுகதைகளாக்கி ஒரு நூலாக வெளியிட்டது. எழுதியவர் ஜேம்ஸ் பிளிஷ். நூல் நன்றாக விற்றது. ஆகவே இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. பத்தாண்டுகளில் பன்னிரண்டு தொகுதிகள் ஆயின. பிளிஷ் 1975-இல் மறைந்தபின், பன்னிரண்டாவது தொகுதியை அவர்தம் துணைவியார் ஜே. ஏ. லாரன்ஸ் நிறைவு செய்ய, அது 1977-இல் வெளிவந்தது.

பிளிஷ் சாதாரண எழுத்தாளர் அல்லர். 1958-இல் அவர் எழுதிய 'எ கேஸ் ஆஃப் கான்ஷியன்ஸ்' என்னும் புதினம் மறு ஆண்டு ஹியூகோ விருது பெற்றது. வேற்றுலகில் பாவம் என்பதே அறியாது வாழும் ஓர் இனத்தைக் கண்டு மனம் தடுமாறும் ஏசுசபைத் துறவி ஒருவரின் கதை அது. மேலும், வில்லியம் ஆதெலிங் என்னும் புனைபெயரில் அக்காலத்து இதழ்க்கதைகளைக் கூரிய கத்தி கொண்டு அறுத்துப் பார்த்த திறனாய்வாளரும் அவரே. அறிவியற் கதை என்பதற்காகக் கதைத்தொழிலில் சலுகை காட்டலாகாது. பிற இலக்கியத்துக்கு என்ன அளவுகோலோ அதுவே இதற்கும் என்பது அவர் விடாது வற்புறுத்திய கொள்கை. அக்கட்டுரைகள் 1964-இல் நூலாகவும் வந்தன. மூன்றாண்டு கழித்து, அதே கை 'ஸ்டார் டிரெக்' கதைகளை எழுதியது. பிறரை அளந்த கோலால் தம்மையும் அளந்திருந்தால் அவற்றுள் எத்தனை தேறியிருக்கும்?

இரண்டாவது தொகுதி 1968-இல் வெளிவந்தது. எட்டுக் கதைகள் கொண்ட அச்சிறு நூலில் ஒன்று 'அரீனா'. பொருகளம் என்று தமிழில் கூறலாம். மற்ற கதைகளுக்கு இல்லாத ஒரு வரலாறு இதற்கு உண்டு. அது சிறுகதையாகப் பிறந்து, தொலைக்காட்சி நாடகமாக மாறி, மீண்டும் சிறுகதையாக வந்து சேர்ந்தது. ஒரு கரு, திரைக்குச் சென்று மீண்டதால் யாது ஆயிற்று என்று அளந்து பார்க்க இதனினும் தக்க சான்று கிடைத்தல் அரிது.

1944-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'அஸ்டவுண்டிங்' என்னும் அமெரிக்க இதழில் பிரெட்ரிக் பிரௌன் என்பார் 'அரீனா'வை எழுதினார். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் நின்ற காலம் அது. கதையில் புளூட்டோவின் பாதைக்கு அப்பால் மனிதரின் விண்படையும் வேற்றுலகத்தாரின் விண்படையும் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டும் ஒத்த வலிமை உடையன. மோதினால் இரண்டினமும் சீர்குலையும். இரண்டினும் பன்மடங்கு முதிர்ந்த ஓர் அறிவு இதனைக் கண்டு, பக்கத்துக்கு ஒருவராகப் பிரித்தெடுத்து, நீல மணல் பரந்த ஒரு குவிமாடத்துக்குள் இறக்கிவிடுகிறது. வென்றவன் இனம் வாழும். தோற்றவன் இனம் அடியோடு அழியும். மனித இனத்தின் சார்பில் நிற்பவன் கார்சன் என்னும் இளைஞன். உடலில் ஆடையில்லை, கையில் கருவியில்லை. எதிரி ஒரு சிவந்த உருண்டை; உருண்டு நகர்வது; வேண்டும்போது உணர்கொம்புகளை நீட்டுவது. இருவருக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர்.

அந்தச் சுவரே கதை. கல்லை வீசினால் கல் கடந்து செல்கிறது; கை வைத்தால் கை தடைபடுகிறது. ஏன்? கார்சனுக்குத் தாகம், கொளுத்தும் வெப்பம், எதிரி எறிந்த கல் பட்டுக் காலில் காயம், காயம் புரையோடுகிறது. சமாதானமாகப் போகலாமா என்று மனத்தால் கேட்கிறான். மறுமொழியாக வந்த வெறுப்பின் வேகத்தில் நிலைகுலைகிறான். எதிரி ஒரு சிறு பல்லியைப் பிடித்து அதன் கால்களைப் பிய்த்துச் சுவருக்கு இப்பால் எறிகிறது. உயிருள்ளது கடக்காது, உயிரற்றது கடக்கும் என்று அதுவரை எண்ணியிருந்தவன், அப்பல்லி சாகவில்லை என்பதைப் பின்னர் காண்கிறான். அப்படியானால் தடைபடுவது உயிர் அன்று, விழிப்புணர்வே தடைபடுகிறது. இதனை உணர்ந்தவன் செய்யும் செயல் வாசகரைத் திடுக்கிட வைக்கும். சரிவில் நின்று, கல்லால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டு உணர்விழந்து, சுவரைக் கடந்து உருள்கிறான். எதிரியை நெருங்குவதற்குத் தன்னையே வீழ்த்திக்கொள்ளும் வீரன்! போர்க்கதைகளில் இத்தகைய வீரத்தைக் காண்பது அரிது.

இக்கதையின் முடிவு கொடியது என்பதை ஆசிரியர்கள் மாணவரிடம் மறைக்க வேண்டியதில்லை. எதிரி கொல்லப்படுகிறது, அதன் இனத்துப் படை முழுவதும் ஒரு நொடியில் பொடிபடுகிறது. 1944-ஆம் ஆண்டின் வெறுப்பு அதில் படிந்திருக்கிறது. எனினும் கதைத்தொழிலில் குறை காண்பதற்கில்லை. வெயிலும் தாகமும் வலியும் ஒருவன் மனத்துக்குள் நின்று சொல்லப்படுகின்றன. புதிரின் விடை பல்லியின் உருவில் முன்னரே வாசகர் கண்முன் கிடக்கிறது, அவர்தாம் கவனிக்கவில்லை. இதனை அப்படியே திரையில் காட்ட முயன்றால் ஒருவன் மணலில் கிடந்து முனகுவதைத்தான் காட்ட இயலும். கதை நிகழும் இடம் மணல் அன்று, மனம்.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோர், ஜீன் கூன் என்னும் எழுத்தாளர் செய்த மாற்றங்களைக் கருத வேண்டும். 1967-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் அவர் எழுதிய 'அரீனா' ஒளிபரப்பாயிற்று. மூலக்கதை பிரௌனுடையது என்ற குறிப்பும் இடம்பெற்றது. கூன் சுவரை நீக்கிவிட்டார். செஸ்டஸ் என்னும் கோளில் இருந்த மனிதக் குடியிருப்பு தாக்கி அழிக்கப்படுகிறது. தாக்கியவர்களைக் கெர்க் சினத்தோடு துரத்துகிறான். மெட்ரான்கள் என்னும் முதிர்ந்த இனத்தார் இரு கலங்களையும் நிறுத்தி, இரு தலைவர்களையும் பாறைகள் நிறைந்த ஒரு நிலத்தில் தனித்துப் பொருத விடுகின்றனர். எதிரி 'கார்ன்' என்னும் பல்லியுருவன், வலிமை மிக்கவன், ஆனால் மெதுவாக நடப்பவன். கெர்க் அங்கே கந்தகத்தையும் வெடியுப்பையும் கரியையும் கண்டெடுத்து, மூங்கிற் குழாயில் திணித்து, வைரக் கற்களைக் குண்டாக வைத்துச் சுடுகிறான். வீழ்ந்தவனின் கழுத்தில் கத்தியை வைத்தவன், கொல்ல மறுக்கிறான். ஏனெனில், செஸ்டஸ் தங்கள் எல்லைக்குள் இருந்தது, வந்து குடியேறியவர்கள் மனிதர்களே என்று கார்ன் கூறியதைக் கேட்டுவிட்டான். ஒருகால் தவறு தம்முடையதோ?

மூங்கிற் குழாய் அத்தகைய வெடியைத் தாங்குமா என்று வேதியியல் ஆசிரியர்கள் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. பல்லியுருவனின் இரப்பர் உடையைக் கண்டு சிரித்தவர்களும் பலர். இருப்பினும் கூன் செய்தது திருட்டும் அன்று, சுருக்கமும் அன்று. பிரௌன் கதை கொலையில் முடிந்தது. கூன் நாடகம் கொல்லாமையில் முடிந்தது. கருவை வாங்கியவர் அதன் முடிவைத் தலைகீழாகத் திருப்பினார்; திருப்புவதற்கு அவரிடம் ஒரு காரணமும் இருந்தது.

இதனைத் தமிழாசிரியர் எளிதில் விளங்கிக்கொள்வர். நன்னூலின் பாயிரம் நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துகிறது. முன்னோர் நூலின் முடிபை ஒத்துச் செல்வதாயினும், பின்னவன் வேண்டிய வேறுபாட்டையும் கொண்டிருப்பதே வழிநூல். முன்னையவற்றோடு ஒரு பகுதி ஒத்தும், பெரிதும் வேறுபட்டும் நிற்பது சார்புநூல். முடிபையே மாற்றிய கூனின் நாடகம் வழிநூலும் அன்று. சார்புநூல் என்றே கொள்ளத் தகும். கடன் வாங்குவது இலக்கியத்தில் இழிவன்று. வான்மீகியிடம் கம்பர் வாங்கினார். வியாசரிடம் வில்லிபுத்தூரார் வாங்கினார். வாங்கியதைக் கொண்டு யாது செய்தார் என்பதே வினா.

பிளிஷ் யாது செய்தார்? அவர் தம் தொடக்கத் தொகுதிகளைத் தொடரைப் பார்த்து எழுதவில்லை. தமக்கு அனுப்பப்பட்ட எழுத்துப்படிகளைக் கொண்டே எழுதினார். ஒளிபரப்பில் ஒரு பெயரும் நூலில் ஒரு பெயருமாகச் சில கதைகள் இருப்பதற்கு அதுவே காரணம். எழுத்துப்படி என்பது கதையன்று. நடிகரும் இயக்குநரும் ஒளியமைப்பாளரும் இசையமைப்பாளரும் வந்து நிரப்ப வேண்டிய இடைவெளிகளோடு எழுதப்படும் ஓர் ஏற்பாடு அது. வீட்டுக்கு வரைந்த வரைபடம் வீடாகாதது போன்றதே. பிளிஷின் 'அரீனா' அவ்வரைபடத்தை வாக்கியங்களாக மாற்றித் தருகிறது. இடைவெளிகள் இடைவெளிகளாகவே நிற்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு போதும். திரைக்கு ஒருவன் மனத்துக்குள் புக வழியில்லை. ஆகவே கூன் இரண்டு உத்திகளைக் கையாண்டார். பேச்சைப் பதிவு செய்யவும் மொழிபெயர்க்கவும் வல்ல ஒரு சிறு கருவியைக் கெர்க்கின் கையில் கொடுத்தார்; தனித்து நிற்பவன் தன் எண்ணங்களை அக்கருவியிடம் உரக்கச் சொல்கிறான். விண்கலத்தில் இருப்போர் போரைத் திரையில் காணுமாறும் செய்தார். கெர்க் மஞ்சள் நிறப் பொடியைக் கையில் எடுக்கும்போது அதன் பொருள் யாது என்பதை ஸ்போக் அங்கிருந்து விளக்குகிறான். இரண்டும் திரையின் முடத்துக்கு ஊன்றுகோல்கள். நல்ல ஊன்றுகோல்கள்தாம். ஆனால் சிறுகதைக்குக் கால் இருக்கிறது! 'அவன் எண்ணினான்' என்ற இரண்டே சொற்களால் மனத்துக்குள் நுழையும் உரிமை எழுத்துக்கு உண்டு. பிரௌன் அவ்வுரிமையை ஒவ்வொரு பத்தியிலும் பயன்படுத்தினார். பிளிஷ் அதனை மிக அரிதாகவே பயன்படுத்துகிறார். கால் உள்ளவன் ஊன்றுகோலைப் பற்றிக்கொண்டு நொண்டுவது போன்ற காட்சி அது.

கெர்க்குக்குத் தாகம் எப்படி இருந்தது? தன்னினும் பன்மடங்கு வலிய ஓர் உயிர் பாறை மறைவில் மூச்சு விடுவதைக் கேட்டபோது அவன் உடல் என்ன செய்தது? கார்ன் கிட்டே வந்தபோது எழுந்த நாற்றம் எத்தகையது? திரையால் காட்ட முடியாத இவை யாவும் எழுத்துக்குச் சொந்தமானவை. இரப்பர் உடை என்னும் விலங்கு எழுத்துக்கு இல்லை. சில நாள்களுக்குள் படம்பிடித்து முடிக்க வேண்டிய அவசரமும் இல்லை. கையில் இருந்த செல்வத்தைச் செலவிடாமல், கடனாக வந்த காசை எண்ணிக்கொண்டிருந்தார் பிளிஷ். அவர் கதையில் நிகழ்ச்சிகள் உள்ளன. ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை தவறாமல் உள்ளன. தாக்குதல் நடக்கிறது, துரத்தல் நடக்கிறது, போர் நடக்கிறது, முடிவு வருகிறது. நிகழ்ச்சிக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே வாழும் மனிதனைத்தான் காணோம்.

இதனைச் சுருக்கம் என்று பாராட்டுவோர் உண்டு. ஐம்பது நிமிட நாடகத்தைச் சில பக்கங்களில் அடக்கினாரே, அது திறமையன்றோ என்பர். இவ்விடத்தில் நன்னூலை மீண்டும் திறக்க வேண்டியிருக்கிறது. நூலுக்குரிய பத்து அழகுகளுள் முதலாவது சுருங்கச் சொல்லல். பத்துக் குற்றங்களுள் முதலாவது குன்றக் கூறல். அழகின் தலைப்பிலும் குற்றத்தின் தலைப்பிலும் பவணந்தியார் குறைத்துச் சொல்வதையே வைத்தது தற்செயல் ஆகாது. இரண்டுக்கும் இடையே இருப்பது மயிரிழை. சொல்லைக் குறைத்துப் பொருளைக் காப்பது சுருங்கச் சொல்லல். சொல்லோடு பொருளும் குறைந்துபோவது குன்றக் கூறல். பிரௌன் பல்லியின் காலைச் சில வரிகளில் சொன்னார். அதற்குள் எதிரியின் இயல்பு, புதிரின் திறவுகோல், கார்சனின் இரக்கம் ஆகிய மூன்றும் அடங்கின. அது சுருங்கச் சொல்லல். பிளிஷ் ஒரு குடியிருப்பின் அழிவையே விரைந்து கடக்கிறார். அவ்வழிவு யார் நெஞ்சிலும் தைப்பதில்லை. அது குன்றக் கூறல்.

நியாயம் கருதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒளிபரப்பில் இல்லாத ஒரு திருப்பம் பிளிஷின் கதையில் உண்டு. தோற்றவன் கலம் அழிக்கப்படும் என்று அறிவித்திருந்த மெட்ரான்கள், உண்மையில் வென்றவனையே அழிக்க எண்ணியிருந்ததாக இறுதியில் கூறுகின்றனர். வென்றவனே வலியவன், ஆகையால் பின்னாளில் தங்களுக்கு அவனே பேரிடர் என்பது அவர்கள் கணக்கு. எவ்வளவு கூரிய எண்ணம்! கெர்க் இரக்கம் காட்டியதால் பிழைத்தவன் கார்ன் மட்டும் அல்லன்; கெர்க்கும் அவனுடைய கலத்தாரும்தாம். வெற்றியே தண்டனைக்குரியது என்னும் இக்கருத்து கதையின் நடுவில் ஊன்றப்பட்டு, வாசகர் உள்ளத்தில் ஐயமாக வளர்ந்து, முடிவில் வெளிப்பட்டிருந்தால், பிரௌனின் கதைக்கும் கூனின் நாடகத்துக்கும் மேலாக ஒரு மூன்றாம் 'அரீனா' பிறந்திருக்கும். நூலில் அது கடைசிப் பக்கத்தில் ஓர் உரையாடலாக வந்து, வந்த வேகத்திலேயே மறைந்துவிடுகிறது. விதை கையில் இருந்தும் அதனை மண்ணில் ஊன்றாமல் வாசலில் எறிந்துவிட்டுப் போனதற்கு ஒப்பாகும்.

இன்னொரு தற்காப்பும் கூறப்படுவதுண்டு. அக்காலத்தில் ஒளிபரப்பான பகுதியை மீண்டும் காண வழியில்லை. வீட்டில் பதிவு செய்யும் கருவிகள் பரவாத காலம். பார்த்ததை நினைவில் மீட்டுக்கொள்ள அன்பர்களுக்கு இந்நூல்களே துணையாயின என்பர். உண்மை. 1967-ஆம் ஆண்டில் இந்நூல்கள் நிழற்படத் தொகுப்பின் வேலையைச் செய்தன. அவ்வேலையை நன்றாகவே செய்தன. அன்பருக்குக் கெர்க் யார், ஸ்போக் யார் என்று சொல்ல வேண்டியதில்லை; பெயரைச் சொன்னதும் முகம் எழும்; குரல் கேட்கும். கதை தராததை நினைவு தந்தது. ஆயின் தொடரைக் காணாத ஒருவர் அக்கதையைப் படிக்கட்டும். அவருக்கு முகமும் எழாது, குரலும் கேளாது. நினைவை முட்டுக் கொடுத்து நிறுத்திய சுவர், முட்டை எடுத்தால் நிற்குமா? இன்றோ, அத்தொடரின் எந்தப் பகுதியையும் விரும்பிய நேரத்தில் கைப்பேசியிலேயே காணலாம். நினைவூட்டி என்னும் பயனும் ஒழிந்தது. இனி அக்கதைகள் கதைகளாக மட்டுமே நின்று விலைபோக வேண்டும்.

குறை பிளிஷின் ஆற்றலில் இல்லை என்பதற்கு அவர்தம் 'சர்ஃபேஸ் டென்ஷன்' என்னும் கதையே சான்று. 1952-இல் 'கேலக்ஸி' இதழில் வந்தது. விண்கலம் உடைந்து ஒரு நீர்க்கோளில் சிக்கியவர்கள், தாங்கள் பிழைக்க வழியில்லை என்று அறிந்து, குட்டை நீரில் வாழத்தக்க நுண்ணிய மனித உயிர்களை உருவாக்கி விட்டுச் செல்கின்றனர். தலைமுறைகள் கழிகின்றன. அந்நுண்மனிதருக்கு நீரின் மேற்பரப்பே வானம். அதனைக் கிழித்து வெளியேற வலிமை போதாது. அவர்கள் இரண்டு அங்குல நீளமுள்ள ஒரு மரக்கலம் கட்டி, அவ்வானத்தை உடைத்து, அடுத்த குட்டைக்குச் செல்லத் துணிகின்றனர். நீர்ப்பரப்பின் இழுவிசை என்று பள்ளி அறிவியல் பாடத்தில் ஒரு பத்தியாகக் கிடப்பது, அக்கதையில் ஓர் இனத்தின் விதியாக மாறுகிறது. படிப்பவர் அவ்வானத்தைத் தம் தலையாலேயே முட்டுவது போல உணர்வார். திரை எதனையும் பிளிஷுக்கு அப்போது கடன் கொடுக்கவில்லை. 1970-இல் அமெரிக்க அறிவியற் கதை எழுத்தாளர் சங்கத்தினர் வாக்களித்துத் தேர்ந்த முற்காலச் சிறுகதைத் தொகுப்பில் பிரௌனின் 'அரீனா'வும் பிளிஷின் 'சர்ஃபேஸ் டென்ஷ'னும் ஒருங்கே இடம்பெற்றுள்ளன. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு 1968-ஆம் ஆண்டு 'அரீனா'வைக் கையில் எடுப்பவர் அடையும் ஏமாற்றம் சிறிதன்று.

திரையிலிருந்து கதைக்கு வரும் வழியே மூடப்பட்டது என்றும் கொள்ளற்க. 'டுவைலைட் ஸோன்' தொடரைப் படைத்த ராட் செர்லிங் தம் பகுதிகள் சிலவற்றைத் தாமே கதைகளாக்கி 1960 முதல் மூன்று நூல்கள் வெளியிட்டார். 'ஸ்டார் டிரெக்'கின் கேலிச்சித்திர வடிவத் தொடரை 1974 முதல் கதையாக்கிய ஆலன் டீன் ஃபாஸ்டர், அரைமணிப் பகுதிகள் மூன்றை ஒரு நூலாகத் தொடங்கி, பிற்பகுதியில் ஒரே பகுதியை ஒரு முழு நூலாக விரித்தார். விரித்தல், தொகுத்தல், இரண்டையும் கலத்தல் என்று தொல்காப்பியர் வழிநூலுக்குக் கூறிய வகைகளை அவர் அறிந்திருக்க மாட்டார். ஆயினும் செய்தது அதுவே. விரித்தவை யாவும் சிறந்தன என்பதற்கில்லை. எழுத்துக்கு உரிய இடத்தை எழுத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற உணர்வாவது அங்கே இருந்தது.

இவையெல்லாம் அமெரிக்கர் தம் நூல்களைப் பற்றிய பேச்சு, தமிழ் வகுப்பறைக்கு என்ன உறவு என்று கேட்கலாம். கட்டுரை ஏட்டைத் திருத்தும் ஆசிரியர் அப்படிக் கேட்க மாட்டார். திரையில் கண்டதைக் கதையாக எழுதும் மாணவனின் ஏட்டில் அவர் காண்பது யாது? கதவு திறக்கிறது, எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், ஒருவன் அதிர்ச்சி அடைகிறான், அடுத்த வரியில் மருத்துவமனை, அதற்கடுத்த வரியில் மூன்றாண்டு கழிந்துவிடுகிறது. இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழையும் அதிகமில்லை, மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. அதிர்ச்சி அடைந்தவன் உள்ளே என்ன ஆயிற்று என்று அவன் ஒரு வரியும் எழுதுவதில்லை. அவன் கண்ட திரையில் அதனை நடிகன் முகம் சொல்லிவிட்டது, இசை சொல்லிவிட்டது. தாளில் முகமும் இல்லை, இசையும் இல்லை என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பிளிஷ் போன்ற கைதேர்ந்தவர்க்கே நேர்ந்த சறுக்கல் பதினைந்து வயதினருக்கு நேர்வதில் வியப்பில்லை. அச்சறுக்கலையே முன்மாதிரி என்று அவன் கையில் கொடுக்கச் சொல்வதுதான் வியப்பு.

அக்கதையை வகுப்பிலிருந்து விலக்க வேண்டும் என்பதன்று. விடுபட்டது எது என்று காட்டுவதற்கு அதனினும் நல்ல கருவி இல்லை. பிரௌனின் சுவரையும் பிளிஷின் பாறை நிலத்தையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டிலும் எந்த வரியில் தாகம் இருக்கிறது என்று தேடச் சொல்லலாம். தேடி முடித்தபின், மூன்று பேருமே எழுதாமல் விட்ட பக்கம் ஒன்று இருப்பதை மாணவரே கண்டுகொள்வர். தன் எல்லைக்குள் அந்நியர் வந்து வீடு கட்டியதைக் கண்டு வெகுண்டவன் கார்ன். இப்போது வைரக் கற்கள் உடலைத் துளைக்க மண்ணில் கிடக்கிறான். அவன் கழுத்துக்கு மேல் அவனுடைய கத்தியே நிற்கிறது; பிடித்திருப்பவன் இறக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அந்த நொடியில் அவன் உள்ளத்தில் ஓடியது என்ன என்பதைத் திரையும் காட்டவில்லை, பிளிஷும் எழுதவில்லை. ஒரு பக்கத்தில் எழுதலாம்.